ஒரு ஏக்கரும் மூன்று ஏக்கரும்: தனியார் பள்ளிகள் மீது அரசின் பிடி

செஞ்சி வட்டத்தில் உள்ள அனந்தபுரம் ஒரு பேரூராட்சி. சிட்டிபாபு குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 2004இல் தமிழக அரசு வகுத்த கணக்குப்படி, இந்த ஊர் எல்லைக்குள் மெட்ரிக் பள்ளி நடத்த ஒரு ஏக்கர் நிலம் போதும். எல்லைப் பலகையைத் தாண்டிப் பக்கத்து ஊராட்சிக்குள் போய்விட்டால் மூன்று ஏக்கர் வேண்டும். மாநகராட்சிக்குள் என்றால் ஆறு கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்பதால், சென்னையில் ஒரு பள்ளிக்குத் தேவைப்படும் நிலத்தைப்போல் ஒன்பது மடங்கு கிராமத்துப் பள்ளிக்குத் தேவை என்றாகிறது. பட்டணத்தில் நிலம் கிடைக்காது, கிராமத்தில் கிடைக்கும் என்பதே இதன் பின்னால் உள்ள நியாயம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓடியாட வேண்டிய இடம் சென்னைக்கும் செஞ்சிக்கும் வேறுபடுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கணக்குக்குள் அடங்காத பள்ளிகள் மாநிலம் முழுக்க இருந்தன. பத்தாண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது 746 பள்ளிகள் தேறின. அவற்றில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். விதிப்படி அந்தப் பள்ளிகளை மூட வேண்டும். ஐந்து லட்சம் பேரை எங்கே அனுப்புவது? தற்காலிக அங்கீகாரம் நீட்டிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. குழு அமைந்தது. மறுபடியும் நீட்டிப்பு. விதியும் கடுமையாகவே இருந்தது, பள்ளிகளும் அப்படியே இருந்தன.

தனியார் பள்ளிகளை அரசு இறுக்கிப் பிடிக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் எழும் விவாதம் இந்த 746 என்ற எண்ணைக் கண்டுகொள்வதில்லை. தமிழ்நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சம் கிடையாது. 1973இல் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதுவரை பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த மெட்ரிக் பள்ளிகளுக்கு 1978இல் தனி விதித் தொகுப்பு எழுதப்பட்டது. நர்சரிப் பள்ளிகளுக்கு 1991இல் ஒன்று, நன்கொடை வசூலைத் தடுக்க 1992இல் ஒன்று, தமிழைக் கட்டாயமாக்க 2006இல் ஒன்று, கட்டணத்துக்கு 2009இல் ஒன்று, சமச்சீர் கல்விக்கு 2010இல் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர 2018இல் நிறைவேறிய தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2023இல்தான் விதிகள் வெளியாயின. இவற்றுக்கு மேலே நடுவண் அரசின் கல்வி உரிமைச் சட்டம். மெட்ரிக் பள்ளிகள் இயக்ககம் தனியார் பள்ளிகள் இயக்ககமாகி, மாவட்டங்களில் தனியார் பள்ளிகளுக்கென்றே கல்வி அலுவலர் பணியிடங்கள் 2022இல் உருவாயின.

இத்தனை இருந்தும் பெற்றோர் புலம்புகிறார்கள், தாளாளர்களும் புலம்புகிறார்கள். இருவர் புலம்பலும் பொய்யில்லை. இந்தச் சட்டங்களின் கோளாறு அவற்றின் கடுமையிலோ தளர்ச்சியிலோ இல்லை, படிக்கட்டில் இருக்கிறது. தவறு செய்த பள்ளியை ஒன்றும் செய்யாமல் விடலாம், அல்லது அங்கீகாரத்தைப் பறித்து மூடலாம். இரண்டுக்கும் நடுவே காலூன்ற வேண்டிய படிகள் அநேகமாக இல்லை. மூடினால் தண்டனை பிள்ளைகளுக்கே போய்ச் சேரும் என்பதால் மூடும் அதிகாரத்தை அரசு எடுப்பதில்லை. எடுக்கப்படாது என்பது பள்ளி நடத்துகிறவருக்கும் தெரியும்.

செஞ்சிப் பக்கத்து ஊர்களில் தனியார் பள்ளிக்கு ஏன் இவ்வளவு பேர் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அது 72 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. தான் படிக்காத குறையைப் பிள்ளையிடம் தீர்த்துக்கொள்ள நினைக்கும் தலைமுறை இங்கே அதிகம். ஆங்கில வழி, வாசலுக்கே வரும் மஞ்சள் வண்டி, கழுத்தில் டை. இவை மூன்றும் அந்த ஆசைக்கு உருவம் கொடுத்தன. தமிழ்நாட்டில் இன்று அரசுப் பள்ளிகள் 37,000க்கு மேல், உதவிபெறும் பள்ளிகள் 8,000க்கு மேல், சுயநிதிப் பள்ளிகள் 12,000க்கு மேல். எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்தாலும், பிள்ளையை அங்கே சேர்ப்பதுதான் முன்னேற்றம் என்ற எண்ணத்தைச் சிற்றூர்வரை கொண்டுபோனது இந்தச் சுயநிதிப் பள்ளிகள்தான்.

அந்த ஆசைக்கு விலை வைக்கப்படும் இடத்தில்தான் அரசு முதலில் தலையிட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தனித்தனியே கட்டணம் நிர்ணயிக்கும். பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்யும். அந்தக் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். 2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அடுத்த மாதமே நீதிபதி கே. கோவிந்தராஜன் குழு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டணம் அறிவித்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் போதாது என்று மேல்முறையீடு செய்தன. கோவிந்தராஜன் விலகினார், நீதிபதி ரவிராஜ பாண்டியன் வந்தார், விசாரணை மறுபடி நடந்து 2011இல் திருத்திய கட்டணம் வெளியானது.

அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது தவறு. அதற்கு முன்னால் பள்ளிக் கட்டணம் தாளாளரின் வாய்ச்சொல்லாக இருந்தது. ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தொகை கேட்பதும், வாங்கிய பணத்துக்குத் துண்டுச் சீட்டு கொடுப்பதும் வழக்கம். குழு வந்த பிறகு இன்ன பள்ளிக்கு இன்ன வகுப்புக்கு இவ்வளவு என்று எழுத்தில் ஒரு தொகை இருக்கிறது. அதைக் காட்டி ஒரு தகப்பன் வாதாட முடியும். இந்தியாவில் பல மாநிலங்களுக்கு இப்படி ஒரு சட்டம் பின்னால்தான் வந்தது. டெல்லி தன் கட்டணச் சட்டத்தை 2025 ஆகஸ்டில்தான் நிறைவேற்றியது.

ஆனால் நடைமுறையில் அது தடுக்கி விழும் இடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, எளிய வகுத்தல் கணக்கு. 12,000 பள்ளிகளுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டணம் என்றால் ஆண்டுக்கு 4,000 பள்ளி. வேலை நாள் 250 என்று வைத்தால் நாளொன்றுக்குப் பதினாறு பள்ளியின் வரவுசெலவைப் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு குழுவால் அது முடியாது. பள்ளி கொடுக்கும் தணிக்கைத் தாளை நம்பித்தான் ஆக வேண்டும். ஆசிரியர்களுக்குத் தாளில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்ற புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது. தாளில் உள்ள சம்பளம் கூடக்கூடக் குழு அனுமதிக்கும் கட்டணமும் கூடும் என்பது அந்தப் புகாருக்குப் பொருள் தருகிறது.

இரண்டாவது, பணம் வேறு பெயரில் வெளியேறுகிறது. கட்டணத்தை அமுக்கினால் வண்டி, புத்தகம், சீருடை, ஷூ, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா என்று தலைப்புகள் பெருகுகின்றன. மூன்றாவது, புகார் கொடுக்க வேண்டியவரின் பிள்ளை புகாருக்கு உள்ளானவரின் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது. செஞ்சி மாதிரி ஊரில் தாளாளரும் பெற்றோரும் ஒரே கடைத்தெருவில் நடமாடுகிறவர்கள். பெயர் போட்டு மனு எழுத யாருக்கு மனம் வரும்?

நான்காவது, தண்டனை. கூடுதல் கட்டணம் வாங்கினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுவரை சிறை, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம் என்கிறது சட்டம். சிறைத் தண்டனை மிகப் பெரியது, அபராதம் மிகச் சிறியது. ஒரு பிள்ளையின் வண்டிக் கட்டணம்கூட ஐயாயிரத்தைத் தாண்டுகிற காலம் இது. எனவே நடைமுறையில் கூடுதல் பணத்தைத் திருப்பிக் கொடு என்ற உத்தரவோடு விஷயம் நின்றுபோகிறது. மேலே சொன்ன படிக்கட்டுக் கோளாறுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடையாது.

மற்ற மாநிலங்கள் வேறு வழி பார்த்தன. குஜராத் 2017இல் ஒரு வரம்பு போட்டது: தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய், உயர்நிலைக்கு 25,000, மேல்நிலைக்கு 27,000. அதற்குள் வாங்கும் பள்ளி உறுதிமொழி கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். தாண்டுகிற பள்ளி மட்டும் குழுவின் முன் கணக்கோடு வந்து நிற்க வேண்டும். ராஜஸ்தானின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி அளவிலேயே ஒரு கட்டணக் குழுவை வைத்தது. அதில் பெற்றோர் ஐந்து பேர். நிர்வாகம் கைகாட்டும் பெற்றோர் வரக் கூடாது என்பதால் குலுக்கல் முறை. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டிலும் குறை உண்டு. வரம்பை அரசு உரிய நேரத்தில் திருத்தாவிட்டால் அது பொருளிழந்துவிடும். குலுக்கலில் வந்த பெற்றோருக்கு ஐந்தொகை படிக்கத் தெரியாமல் போகலாம். ஆனாலும் அனந்தபுரத்தில் நூற்றைம்பது பிள்ளைகளோடு நடக்கும் நர்சரிப் பள்ளியையும், சென்னையில் லட்சங்களில் கட்டணம் வாங்கும் பள்ளியையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கணக்குக் கேட்பதைவிட இவை புத்திசாலித்தனமானவை.

கட்டணத்தின் அளவைவிட அது கேட்கப்படும் காலம் கிராமத்துப் பெற்றோரை அதிகம் வாட்டுகிறது. செஞ்சிப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவர் ஆனி, ஆடியில் விதைப்புக்குக் கையில் பணம் வைத்திருக்க வேண்டும். பள்ளியும் அதே ஜூன் மாதத்தில்தான் முதல் தவணை கேட்கிறது. அறுவடை ஆகி மூட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போவது ஐப்பசி, கார்த்திகையில். இடையில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. கொரோனா காலத்தில் இந்தப் பிரச்சினைக்கு நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் 40 விழுக்காடு, பள்ளி திறந்த பிறகு 35 விழுக்காடு என்று கட்டணத்தைப் பிரித்தது. அடுத்த ஆண்டு ஆறு தவணைகளாகக் கட்டலாம் என்றது. பெருந்தொற்று போனதும் அந்த ஏற்பாடும் போய்விட்டது. தவணையைச் சட்டமாக்கினால் பள்ளிக்கு வருமானம் குறையாது, அரசுக்கு ஒரு ரூபாய் செலவும் கிடையாது.

2024 ஜூலையில் அதே நீதிமன்றம் மாற்றுச் சான்றிதழ் பற்றிச் சொன்னதும் இந்த வகைதான். கட்டண பாக்கியைக் காரணம் காட்டி டி.சி. கொடுக்க மறுப்பதும், பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதுவதும் கூடாது என்றது. பெற்றோர் பள்ளியை மாற்ற முடியாமல் கட்டிப்போடும் கயிறு அதுதான். விலகிப் போகும் உரிமை இருந்தால்தான் பள்ளிகளுக்கிடையே போட்டி என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

காசு விஷயத்தை விட்டு உயிர் விஷயத்துக்கு வந்தால் வாதம் வேறு மாதிரி ஆகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். 2012 ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் பள்ளி வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை கழிவுநீர்த் தொட்டியின் துருப்பிடித்த மூடி உடைந்து உள்ளே விழுந்து இறந்தது. விக்கிரவாண்டி அனந்தபுரத்துக்கு அக்கம்பக்கம்; அந்த வாரம் இந்த வட்டாரத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளின் பள்ளியில் எங்கே தொட்டி இருக்கிறது என்று போய்ப் பார்த்திருப்பார்கள்.

மூன்றுக்கும் பிறகு அரசு விதித்தவற்றுள் எது நிலைத்தது என்று பார்ப்பது பயனுள்ளது. கும்பகோணத்துக்குப் பிறகு வகுப்பறைகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. தெருவில் போகிறவருக்கே கூரை தெரியும் என்பதால் ஒளிக்க முடியவில்லை. 2012க்குப் பிறகு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், உதவியாளர். ஒவ்வொரு மே மாதமும் மாவட்டந்தோறும் மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து பார்க்கின்றன. படி உயரம் சரியில்லையா, அந்த வண்டி மட்டும் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு வர வேண்டும்.

தனியார் பள்ளிகள் மீதான கட்டுப்பாடுகளில் தமிழ்நாட்டில் ஓரளவு ஒழுங்காக நடப்பது இதுவே. ஏன் என்று யோசித்தால் படிக்கட்டின் வடிவம் கிடைக்கிறது. ஆய்வுக்கு நாள் முன்கூட்டியே தெரியும், பத்திரிகைக்காரர்களும் பார்க்கிறார்கள், என்ன பார்க்கப்படும் என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரியும், தவறு ஒரு வண்டியில் என்றால் தண்டனையும் அந்த வண்டிக்கு மட்டும். பள்ளியை மூட வேண்டியதில்லை, தாளாளரைச் சிறையில் தள்ள வேண்டியதில்லை. அதனாலேயே அதிகாரியால் தைரியமாகத் தண்டிக்க முடிகிறது.

கட்டடப் பாதுகாப்புக்கு இப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. அங்கீகாரம் புதுப்பிக்க நான்கு சான்றுகள் வேண்டும்: வட்டாட்சியரிடம் கட்டட உரிமம், பொறியாளரிடம் உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. நான்கும் நான்கு அலுவலகங்களில், நான்கு தேதிகளில். பள்ளி நடத்துகிறவருக்கு இது அலைச்சலும் செலவும். தட்சிணை இல்லாமல் தாள் நகராது என்பது அவர்கள் தரப்பின் நீண்ட காலக் குற்றச்சாட்டு. பெற்றோருக்கோ அந்தத் தாள் எதையும் காப்பாற்றித் தரவில்லை. சான்று வாங்கிய நாளில் தொட்டியின் மூடி உறுதியாகவே இருந்திருக்கலாம். இரும்பு துருப்பிடிப்பது இரண்டு புதுப்பித்தல்களுக்கு நடுவே. விக்கிரவாண்டியில் தாளாளரும் முதல்வரும் ஆசிரியையும் கைதானார்கள். அதற்கு முந்தைய நாள் அந்த மூடியைப் பார்த்து, மாற்றும்வரை இந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதே என்று சொல்லும் அதிகாரமும் கடமையும் யாரிடம் இருந்தன என்பது இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கட்டுப்படுத்துகிறவர் தம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பது அடுத்த விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் செலவை அரசு பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. தமிழ்நாட்டில் பல்லாயிரம் குடும்பங்கள் இதனால் பயன் பெற்றிருக்கின்றன. ஆனால் பணம் ஆண்டுக்கணக்கில் தாமதமாக வருகிறது என்பது பள்ளிகளின் குறை. 2025இல் அது உச்சத்துக்குப் போனது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேர மறுத்ததை ஒட்டி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2,152 கோடி ரூபாயை நடுவண் அரசு நிறுத்திவைத்தது. மாநிலம் அதைக் காரணம் காட்டியது. ஏப்ரல், மே மாதங்களில் நடக்க வேண்டிய சேர்க்கை நடக்கவில்லை. வழக்குகளுக்குப் பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பள்ளி திறந்து நான்கு மாதம். காத்திருக்க முடியாத ஏழைப் பெற்றோர் எங்கெங்கோ சேர்த்துவிட்டிருந்தார்கள்.

இந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே கிராமத்துக்கு எதிரான ஒரு சாய்வும் உண்டு. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கே முன்னுரிமை. நகரத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து பள்ளிகள் இருக்கும். அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு காலனியிலோ குக்கிராமத்திலோ அந்த வட்டத்துக்குள் தனியார் பள்ளியே இருக்காது. நிலத்துக்கு ஊருக்கு ஊர் அளவை மாற்றிய அரசு, தூரத்துக்கு மட்டும் மாநிலம் முழுக்க ஒரே அளவை வைத்தது.

பாடம் நடத்தும் முறையில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்பதற்கு நாமக்கல் நல்ல பாடம். மேல்நிலை விடுதிப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல், இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. பிராய்லர் பள்ளி என்று மக்களே பெயர் வைத்தார்கள். அதிகாரிகளை அனுப்பி இதைத் தடுக்க முயன்ற காலமெல்லாம் வீண். 2017இல் இரண்டு முடிவுகள் வந்தன: மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நின்றது, பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படத்தை வைத்து முழுப் பக்க விளம்பரம் செய்யும் வியாபாரம் அதோடு தளர்ந்தது. அதே ஆண்டு நீட் வந்து வியாபாரத்துக்கு வேறு சரக்கைக் கொடுத்தது. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் நீட் பயிற்சியும் நடத்திய ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித் துறை சோதனையிட்டபோது முப்பது கோடி ரூபாய் ரொக்கமாகச் சிக்கியது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. பழைய பழக்கம் திரும்புகிறதா என்பதை வரும் ஆண்டுகள் காட்டும்.

கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்களின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனம் நடத்துவது அரசியல் சாசனம் தந்த உரிமை, நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம்தான் கூடாது என்றது. குறைந்த கட்டணத்தில் நடத்தும் சிற்றூர்ப் பள்ளிக்கு ஒவ்வொரு புதிய விதியும் ஒரு புதிய செலவு. பெரிய பள்ளி வழக்கறிஞரை வைத்துச் சமாளிக்கும். சிறிய பள்ளி மூடிவிட்டுப் போகும். அப்போது சந்தை பெரியவர்கள் கைக்குப் போய்ச் சேரும். ஏழைகளுக்காகக் கொண்டுவந்த விதி ஏழைகள் கட்டக்கூடிய பள்ளியையே முதலில் கொன்றால் யாருக்கு லாபம்? இங்கிலாந்தில் தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஆனால் பள்ளிகள் குறிப்பிட்ட தரவிதிகளின்படி ஆய்வு செய்யப்படுகின்றன. ஆய்வறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். தமிழ்நாட்டில் கட்டணம் அரசின் கையில். ஆய்வறிக்கையோ பெற்றோரின் கைக்கு வருவதில்லை.

ஆயினும் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்பது, வாங்குகிறவருக்குச் சரக்கு தெரியும்போதுதான் உண்மை. சீருடையும் வண்டியும் ஆங்கிலப் பலகையும் பெற்றோர் கண்ணுக்குத் தெரியும். ஆசிரியைக்கு என்ன சம்பளம், பி.எட். முடித்தவரா, ஆண்டு நடுவில் எத்தனை பேர் விலகிப் போனார்கள் என்பது தெரியாது. பல சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியையின் சம்பளம் அரசுப் பள்ளி ஆசிரியர் வாங்குவதில் ஒரு சிறு பங்குதான். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அந்தச் சிறு பங்கும் நின்று, காய்கறி விற்கப் போனவர்கள் உண்டு. கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று பெற்றோரும் குழுவும் நெருக்கும்போது பள்ளி முதலில் கைவைப்பது இந்தச் சம்பளத்தில். கட்டணத்துக்குக் குழு வைத்த சட்டம், சம்பளம் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும், அந்தக் கணக்குத்தான் குழு முன் ஆதாரம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இரட்டைச் சம்பளப் புகாரில் பாதி எழுந்தே இருக்காது.

தனியார் பள்ளியைத் தொடாமலேயே அரசு அதைக் கட்டுப்படுத்திய இடமும் ஒன்று உண்டு. 2020இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2022இல் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கின. கொரோனா காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த லட்சக்கணக்கான பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்குவதற்கு இவையும் காரணம். பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி நினைத்தபடி கட்டணத்தை உயர்த்த முடியாது. எந்தக் குழுவின் உத்தரவையும்விட இது வேகமாக வேலை செய்கிறது. அதே காரணத்தால், ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஒவ்வோர் அரசுப் பள்ளியும் சுற்றுவட்டாரத் தனியார் பள்ளிக்கு இலவச விளம்பரம்.

ஆகவே பிடியை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பதற்கு விடை இந்த அனுபவங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வரம்புக்குக் கீழே கட்டணம் வாங்கும் சிறு பள்ளிகளை மூன்றாண்டுக் கட்டண விசாரணையிலிருந்து விடுவிக்கலாம்; தவணை, ரசீது, டி.சி. ஆகிய மூன்றிலும் அவர்களுக்கும் விலக்குக் கூடாது. நிலத்தின் பரப்பை ஊர் வகையோடு கட்டாமல், சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு கட்டலாம். இடம் போதாத பள்ளியை மூடுவதாக மிரட்டுவதற்குப் பதில், இருக்கும் இடத்துக்கு ஏற்ற எண்ணிக்கைக்கு மேல் புதிய சேர்க்கையை மட்டும் நிறுத்தலாம். அப்போது உள்ளே இருக்கும் பிள்ளை தெருவுக்கு வராது, நிர்வாகத்துக்கும் வலிக்கும். அபராதம் வாங்கிய தொகையின் மடங்காக இருக்கட்டும். நன்கொடைக்குப் பத்து மடங்குவரை என்று கல்வி உரிமைச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது, கட்டணச் சட்டம் அதைக் கடன் வாங்கினால் போதும்.

பாதுகாப்புக்கு மே மாத வண்டி ஆய்வையே கட்டடத்துக்கும் நீட்டிக்கலாம். பொறியாளர், தீயணைப்பு அலுவலர், சுகாதார ஆய்வாளர் மூவரும் ஒரே நாளில் ஒன்றாகப் போய், கூரை, மின்கம்பி, படிக்கட்டு, குடிநீர், கழிவுநீர்த் தொட்டி என்று ஒரு பட்டியலைப் பார்த்து, அதைப் பள்ளி வாசலில் ஒட்டிவிட்டு வர வேண்டும். சரியில்லாத அறைக்கு மட்டும் பூட்டு. இந்தப் பட்டியல் தனியார் பள்ளிக்கு மட்டும் என்றால் அதற்கு மதிப்பு இருக்காது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான், மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் சிதிலமான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. அதே மூவரும் அதே பட்டியலோடு அரசுப் பள்ளிக்கும் போக வேண்டும். அங்கே தவறு இருந்தால் வாசலில் ஒட்டும் தாளில் பொறுப்பான அலுவலரின் பதவி எழுதப்பட வேண்டும். தன் பள்ளிகளை இப்படிக் காட்டத் தயாராகும்வரை, தனியார் தாளாளர் எழுப்பும் முதல் எதிர்க்கேள்விக்கே கல்வித் துறையிடம் பதில் இருக்காது.